ஊர் ஊராய்ப் போகும் அறுவடை வண்டியும் உடல் சுத்தமும்

  

வழக்கமாக நான் விதை நேர்த்தி, உரம், பூச்சிமருந்து என்று பேசுகிறவன். இன்றைக்குக் குளியலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "குளிக்கிறதுக்குக்கூடவா வேளாண்மை அலுவலர் வந்து சொல்லித்தரணும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டில் இருக்கிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிணற்றடி இருக்கிறது, குழாய் இருக்கிறது, துவைத்துப் போடக் கொடி இருக்கிறது, "மொதல்ல குளிச்சிட்டு வா, அப்புறம் சாப்பாடு" என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது. வண்டியையே வீடாகக் கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறவனுக்கு இதெல்லாம் எங்கே இருக்கிறது?

நம் டெல்டாப் பகுதியில் நெல் அறுவடை இப்போது பெரும்பாலும் மிஷினில்தான் நடக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் குறுவை. ஜனவரி, பிப்ரவரியில் சம்பா. அதன் பின்னால் தாளடி. ஆத்தூர், சேலம், நாமக்கல், பெரம்பலூர் பக்கங்களிலிருந்து டயர் வண்டியும் பெல்ட் வண்டியும் வந்து இறங்குகின்றன. இங்கே முடிந்ததும் அதே வண்டிகள் லாரியில் ஏறிப் பாலக்காடு, குட்டநாடு, ஆந்திரா, கர்நாடகம் என்று போகின்றன. வண்டியோடு ஆட்களும் போகிறார்கள். பகலெல்லாம் தூசியில் வேலை. ராத்திரி லாரியின் மேலோ, வண்டியின் அடியிலோ படுக்கை. சமையல் வரப்போரத்தில். குளியல்? அது கிடைத்த அன்றைக்கு.

முன்பெல்லாம் அறுப்பு ஆள் உள்ளூர் ஆள். கடைசிக் கட்டைக் களத்தில் போட்டுவிட்டு வாய்க்காலில் ஒரு முழுக்குப் போட்டு வீட்டுக்குப் போனார்கள். மிஷின் வந்ததும் அறுப்பு சீக்கிரமாக முடிகிறது. ஆனால் அந்த மிஷினை ஓட்டுகிறவனின் வீடு நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை நாம் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதக் கடைசி. மன்னார்குடிப் பக்கம் ஒரு வயலுக்குப் போயிருந்தேன். மிஷின் அறுக்கும்போது எவ்வளவு நெல் சிந்துகிறது என்று பார்க்கிற வேலை. ஒரு சதுர மீட்டர் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் சிந்திக் கிடக்கும் மணிகளைப் பொறுக்கி எண்ண வேண்டும். எண்ணினேன். வண்டியின் வேகம் ஜாஸ்தி, காற்றாடி வேகத்தைக் குறைக்கணும் என்று டிரைவரிடம் அரை மணி நேரம் பேசினேன். லாரி நிழலில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயது இருக்கும். ஹெல்ப்பர். வலது காலில் எண்ணெய்த் துணி சுற்றியிருந்தது.

"என்ன தம்பி காலில்?" என்றேன்.

"சேத்துப்புண்ணு சார். டீசல் வெச்சிருக்கேன். சரியாயிடும்" என்றான்.

"பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் அந்த வயல்காரர் போன் செய்தார். பையனுக்குக் கால் முழங்கால் வரைக்கும் வீங்கி, குளிர் ஜுரத்தோடு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார். போய்ப் பார்த்தேன். விரல் இடுக்குப் புண் வழியாகக் கிருமி உள்ளே போய், தோலுக்கு அடியில் பரவியிருந்தது. பதினோரு நாள் படுக்கை. உயிர் பிழைத்தான். சுண்டுவிரல் பிழைக்கவில்லை; எடுக்க வேண்டியதாயிற்று.

"குளிச்சு எத்தனை நாள் ஆச்சு?" என்று டாக்டர் கேட்டாராம். "ஒன்பது நாள்" என்றானாம். அவன் படுத்திருந்த லாரியிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் பம்புசெட்டு இருந்தது. மோட்டார் கொட்டகை பூட்டியிருந்தது. "கேட்டிருக்கலாமேடா?" என்றேன். "கேக்கக் கூச்சமா இருந்துச்சு சார்" என்றான். வயல்காரரிடம் கேட்டேன். "அவன் கேக்கவே இல்லீங்களே, கேட்டிருந்தா சாவியக் குடுத்திருப்பேனே" என்று அவரும் வருத்தப்பட்டார். சிந்தின நெல்லை மணி மணியாக எண்ணினவன் நான். அந்தக் காலைப் பிரித்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. அந்த உறுத்தலில்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

சுணை என்ன செய்கிறது?

நெல் அறுக்கிற இடத்தில் உடம்பெல்லாம் அரிக்கும். சுணை என்கிறோம். நெல்லின் உமியிலும் தாளின் ஓரத்திலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மயிர் போன்ற முட்கள் உண்டு. அவற்றில் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. மணலில் இருப்பதும் அதுவேதான். 100 கிலோ உமியை எரித்தால் சுமார் 20 கிலோ சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காதான். ஆகவே உடம்பில் ஒட்டுவது வெறும் தூசி இல்லை, பொடி அரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையில் ஊறின தோலின் மேல் அது உட்கார்ந்திருக்கும்போது நகத்தால் சொறிந்தால் நூற்றுக்கணக்கான சிறு கீறல்கள் உண்டாகின்றன. அழுக்கும் கிருமியும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன.

அறுவடை வண்டி காலையில் பனி உலர்ந்த பிறகுதான் வயலில் இறங்கும். ராத்திரி எட்டு, ஒன்பது வரைக்கும் ஓடும். களைப்பில் அப்படியே சாய்ந்துவிடத் தோன்றும். "காலையில் குளிச்சிக்கலாம்" என்பார்கள். இது தவறு. காலைக் குளியலை விட்டாலும் விடலாம், ராத்திரிக் கழுவலை விடக்கூடாது. ராத்திரி அப்படியே படுத்தால் ஏழெட்டு மணி நேரம் சுணையும் வியர்வையும் டீசலும் தோலோடு ஒட்டி வேலை செய்துகொண்டே இருக்கும். படுக்கையிலும் இறங்கும். மறுநாள் உங்களுக்குச் சுணையோடுதான் விடியும்.

தண்ணீரை எங்கே பிடிப்பது?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படுவது உங்களுக்குத் தெரியும். சம்பா அறுவடை மும்முரமாக நடக்கிற நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் வற்றிக் குட்டையாக நிற்கும். அந்தக் குட்டையில் மாடு இறங்கியிருக்கும். வயல் எலியின் மூத்திரம் கலந்திருக்கும். மருந்து அடித்த வயலின் வடிகால் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். காலில் கீறல் உள்ளவன் அதில் இறங்கிக் குளித்தால் எலிக்காய்ச்சல் வரும் வழியைத் தானே திறந்துவிட்டவன் ஆகிறான். ஆகவே ஓடாத தண்ணீரில் குளிக்க வேண்டாம். பம்புசெட்டுத் தண்ணீர், ஊர்க் குழாய்த் தண்ணீர், கைப்பம்புத் தண்ணீர், இவைதான் நல்லது.

லாரியில் 100 லிட்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றை, அடியில் குழாய் வைத்து, மூடி போட்டுக் கட்டிவிடுங்கள். நிறைந்த டிரம் 100 கிலோ கனம் இருக்கும்; அதனால் லாரியிலேயே இருக்கட்டும், மிஷின் மேல் ஏற்ற வேண்டாம். நான்கு பேர் உள்ள வண்டிக்குக் கணக்குப் பாருங்கள். ராத்திரிக் கழுவலுக்கு ஆளுக்கு 8 லிட்டர் என்றால் 32 லிட்டர். கைகால் கழுவ 10 லிட்டர். ஆக ஒரு நாளைக்கு 42 லிட்டர். ஒரு டிரம் இரண்டு நாளைக்குத் தாராளமாக வரும். இரண்டு நாளைக்கு ஒரு முறை டிரம் நிரப்ப இடம் கிடைக்காத ஊர் நம் நாட்டில் அதிகம் இல்லை. குடிக்கவும் சமைக்கவும் தனி கேன் வேண்டும். அதில் சொம்பையோ கையையோ விட்டு மொள்ளக்கூடாது. சாய்த்து ஊற்றுங்கள், அல்லது குழாய் வையுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. பூச்சிமருந்து வந்த கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்கிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மருந்து டப்பாவின் மேல் சாய்ந்த சதுரமாக ஒரு அடையாளம் போட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறம் விஷத்தின் அளவைச் சொல்லும். சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் விஷமே இல்லை என்று அர்த்தம் அல்ல. எந்த நிறமானாலும், எத்தனை முறை கழுவினாலும், அந்தக் கேன் தண்ணீருக்கு உதவாது. குடிக்க மட்டும் அல்ல, குளிக்கவும் உதவாது. வயல்காரர்களும் காலி கேன்களை வரப்பில் விட்டு வைக்காதீர்கள். வெளியூர்ப் பையன் அதை எடுத்துத் தண்ணீர் மொள்ளுவான். அவனுக்கு அதில் என்ன இருந்தது என்று தெரியாது.

எட்டு லிட்டரில் குளிப்பது

அரை வாளித் தண்ணீரில் சுத்தமாகக் குளிக்க முடியுமா என்றால், முறையோடு செய்தால் முடியும். எல்லாம் வரிசையில்தான் இருக்கிறது.

முதலில் தண்ணீரைத் தொடாதீர்கள். சட்டையைக் கழற்றிக் காற்று அடிக்கும் பக்கம் பார்த்து உதறுங்கள். உலர்ந்த துண்டால் தலை, கழுத்து, முதுகு, கைகளை மெதுவாகத் தட்டிவிடுங்கள். தேய்க்கக்கூடாது. சுணை ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், உலர்ந்திருக்கும்போது உதிர்ந்துவிடும். சிலர் பஞ்சர் கடைக் காற்றுக் குழாயை உடம்பின் மேலேயே பிடித்து ஊதிக்கொள்கிறார்கள். அந்த வேகத்தில் தூசி கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் போய்ப் பாயும். அதை அடியோடு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, கை. கிரீஸ் கையோடு சோப்பைத் தொட்டால் சோப்புதான் அழுக்காகும். கிரீஸ் போவதற்காக டீசலில் கை கழுவுகிறவர்கள் உண்டு. டீசல் கிரீஸைக் கரைக்கும், உண்மைதான். அதோடு தோலில் இயற்கையாக இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிடும். தோல் வறண்டு வெடிக்கும்; வெடிப்பில் சீழ் பிடிக்கும். புண்ணின் மேல் டீசல் வைப்பது இன்னும் கெடுதல். டீசல் மருந்து அல்ல. அந்தப் பையன் செய்தது அதுதான். கிரீஸ் கைக்கு நல்ல வழி ஒன்று சொல்கிறேன். ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ விட்டுக் கை முழுக்கத் தேயுங்கள். எண்ணெய்ப் பசையை எண்ணெய்தான் இளக்கும். பிறகு ஒரு பிடி தவிட்டைப் போட்டுப் பிசையுங்கள். நெல் விளைகிற ஊரில் தவிட்டுக்குப் பஞ்சமா? கடலை மாவு, சீயக்காய், உங்கள் பக்கத்து அரப்புத்தூள் எதுவானாலும் சரி. தவிடு கிரீஸை இழுத்துக்கொண்டு உதிரும். அப்புறம் சோப்பு போட்டால் அரைச் சொம்புத் தண்ணீரில் கை வெளுத்துவிடும்.

மூன்றாவது, ஒரு சின்னத் துண்டை நனைத்துப் பிழிந்து உடம்பு முழுவதும் ஒரு தரம் துடையுங்கள். பிறகு சோப்பு. சோப்பை எல்லா இடத்திலும் கரைக்க வேண்டாம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, பின்புறம், கால்விரல் இடுக்கு, இந்த ஐந்து இடங்களை விடாமல் சோப்பு போடுங்கள். வியர்வை தேங்குகிற இடங்கள் இவைதான். பிறகு தலையிலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றி இறங்கி வாருங்கள். கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரைக் கையில் ஏந்திக் கண்ணைத் திறந்து திறந்து மூடுங்கள்.

நான்காவது, துவட்டுவது. குளிப்பதைவிட இது முக்கியம் என்பேன். விரல் இடுக்குகளையும் தொடை இடுக்கையும் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு செருப்பையோ பூட்ஸையோ மாட்டினால் குளித்த பலன் போய்விடும்.

இன்னொன்று. ஆளுக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு சோப்பு. "நாங்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி சார்" என்பார்கள். அண்ணன் தம்பியாகவே இருங்கள். துண்டு மட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

துணியும் படர்தாமரையும்

வேலைத் துணி வேறு, ராத்துணி வேறு. ராத்துணியைப் போட்டுக்கொண்டு மிஷின் பக்கம் போகக்கூடாது. வேலைக்குத் தளர்ந்த பருத்தி முழுக்கைச் சட்டை, தலைக்கு இறுக்கமாகத் துண்டு. மூக்கையும் வாயையும் மறைத்துத் துணி கட்டுங்கள், அல்லது முகக்கவசம் போடுங்கள். உள்ளாடை தினம் ஒன்று மாற்ற வேண்டும். துவைத்த துணியை உள்புறம் வெளியே தெரிகிறபடி திருப்பி, நல்ல வெயிலில் போடுங்கள். பகலெல்லாம் வெயிலில் நிற்கிற வண்டிதானே, ஒரு கயிறு கட்டினால் துணி காயாதா? ஈரத் துண்டைச் சுருட்டி கேபினில் சீட்டுக்குப் பின்னால் செருகுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிச் செய்யாவிட்டால் வருவது படர்தாமரை. தொடை இடுக்கில் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, அரிப்பு தாங்காது. இது ஒரு வகைப் பூஞ்சணம். நெல்லில் ஈரப்பதம் அதிகமானால் பூஞ்சணம் பிடிக்கிறது அல்லவா, அது போலத்தான். இதற்கு மருந்துக் கடையில் போய், "அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க" என்று வாங்கித் தடவுகிறார்கள். இப்படிக் கிடைக்கிற கலவைக் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கிறது. தடவின மறுநாளே அரிப்பு அடங்கிவிடும். "அடடா, நல்ல மருந்து" என்று நினைப்போம். பூஞ்சணம் சாகவில்லை, உள்ளுக்குள் பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தினதும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். தோலும் மெலிந்து போகும். ஆகவே டாக்டரிடம் காட்டி மருந்து வாங்குங்கள். தழும்பு மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரைக்கும் தடவுங்கள். பாதியில் விட்ட களை போல, பாதியில் விட்ட பூஞ்சணமும் மறுபடி கிளம்பும்.

காலைக் காப்பாற்றுங்கள்

சேற்றுப்புண்ணைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். விரல் இடுக்கு வெளுத்து ஊறி, தோல் உரிந்தால் அதுதான் ஆரம்பம். சேற்றிலிருந்து ஏறினதும் கழுவித் துடைத்துக் காற்றாட விடுங்கள். பூட்ஸ் போடுகிறவர்கள் ராத்திரி அதைக் கவிழ்த்து வையுங்கள். காலையில் தட்டிப் பார்த்து மாட்டுங்கள், தேள் இருக்கும். புண் இருக்கிற ஆளைச் சேற்றில் இறக்காமல் வண்டி மேல் வேலை கொடுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினால், தொட்டால் சூடாக இருந்தால், தொடை இடுக்கில் நெறி கட்டினால், குளிர் ஜுரம் வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. இந்த வயல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சர்க்கரை வியாதி உள்ள டிரைவர்கள் தினம் இரண்டு வேளை பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு வலி தெரியாமலேயே புண் பெருத்துவிடும்.

கழிப்பிடமும் சாப்பாடும்

ஊரில் கழிப்பறை இருந்தால் கேட்டு உபயோகியுங்கள். இல்லாத இடத்தில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, கிணறு, வாய்க்கால், பம்புசெட்டு எதிலிருந்தும் 100 அடிக்குக் குறையாமல் தள்ளிப் போய், ஒரு அடிக் குழி தோண்டி, பிறகு மண்ணால் மூடுங்கள். வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சமைக்கும் முன், சாப்பிடும் முன் இன்னொரு தடவை. வேலை நேரத்தில் இறங்க முடியாது என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறவர்களும் உண்டு. அது நீர்க்கடுப்பையும் கல்லையும் கொண்டுவரும்.

மீதிச் சோற்றை வண்டி அடியில் கொட்டினால் எலி வரும். எலி வந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவனைத்தான் அதிகம் கடிக்கிறது. வண்டியின் அடியில் படுக்கவே கூடாது. லாரி மேல் கொசுவலை கட்டிப் படுங்கள். வைக்கோல் மேலும் புல் மேலும் வெறும் உடம்போடு உருளாதீர்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் சின்னஞ்சிறு பூச்சி கடித்து உண்ணிக் காய்ச்சல் வருகிறது. குளிர் மாதங்களில் நம் பக்கம் இது அதிகம்.

வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். நிற்காவிட்டால் தாமதிக்காமல் வைத்தியம்.

காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

இது மிக அவசியம். வெளியூர் டாக்டருக்கு உங்கள் வேலை தெரியாது. "காய்ச்சல் சார்" என்று மட்டும் சொன்னால் அவர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக்கூடும். "நெல் அறுக்கிற மிஷினில் வேலை செய்கிறேன், சேற்றில் நிற்கிறேன், வயலில் படுக்கிறேன், இந்த இந்த ஊர்களில் இருந்து வருகிறேன்" என்று சொல்லுங்கள். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் நிறம் இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருந்தால் காட்டுங்கள். அக்குளிலோ தொடை இடுக்கிலோ மறைந்திருக்கும். உண்ணிக் காய்ச்சலுக்கு அது அடையாளம். இரண்டுமே சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிய மருந்தில் தீரும். விட்டுவிட்டால் சிறுநீரகம், ஈரல், நுரையீரல் என்று தாக்கி உயிருக்கே ஆபத்தாகும். குட்டநாடு போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது, சுற்றிலும் தண்ணீர். கேரளத்தில் இப்படிச் சேற்றில் நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வாரம் ஒரு முறை சுகாதாரத் துறை கொடுப்பது உண்டு. அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். தானாகக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம்.

வயல்காரர்களுக்கும் முதலாளிகளுக்கும்

இனி விவசாயப் பெருமக்களுக்கு. மிஷின் வந்ததும், "வேற வயல்ல அறுத்துட்டு வந்திருக்கியே, கலப்பு நெல்லு, களை விதை எல்லாம் ஒட்டியிருக்கும், வெட்டுக்கத்தி, எலிவேட்டர், தொட்டி எல்லாம் சுத்தம் பண்ணிட்டு எறக்கு" என்று சொல்லுங்கள் என நாங்கள் கற்றுக்கொடுத்தோம். நல்ல பழக்கம், விடாதீர்கள். அதே வாயால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "தம்பி, குளிச்சீங்களா? தண்ணி வேணுமா?"

மோட்டார் கொட்டகைச் சாவியை வண்டி நிற்கிற நாளில் அவர்கள் கையில் கொடுங்கள். அல்லது சாயங்காலம் ஒரு கால் மணி நேரம் மோட்டாரைப் போட்டுவிடுங்கள். எந்த ஊர், என்ன ஆளுங்க என்றெல்லாம் விசாரித்துக்கொண்டு நிற்க வேண்டாம். நம் நெல்லை அறுத்துக் கொடுக்கிறவன் மேல் இருக்கிற தூசி நம் வயல் தூசிதான்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். ஐந்து ஏக்கர் நிலம். மிஷின் வரப்பில் ஏறினதும் அவர் முதலில் கேட்பது மணிக்கு என்ன வாடகை என்று அல்ல. "ஏம்பா, எத்தினி பேரு?" என்பார். ஆள் கணக்குக்கு ஒரு கிண்ணம் எண்ணெய், சீயக்காய்ப்பொடி, கரி மூட்டிய அடுப்பில் ஒரு அண்டா வெந்நீர் மோட்டார் கொட்டகையில் இருக்கும். "வெயில்ல வேகற புள்ளைங்க" என்பார், அவ்வளவுதான். அவர் வயலை அறுக்க டிரைவர்கள் முந்துகிறார்கள் என்பதையும் நான் பார்க்கிறேன். மழை மிரட்டுகிற நேரத்தில் மிஷின் கிடைக்காமல் மற்றவர்கள் அலையும்போது அவருக்கு மட்டும் போன் பண்ணின அன்றே வண்டி வருகிறது.

வண்டி முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. டிரம், வாளி, மறைப்புக்கு ஒரு தார்ப்பாய், ஆளுக்கு இரண்டு துண்டு, சோப்பு, மண்வெட்டி, கொசுவலை. எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு மணி நேர வாடகைக்குள் அடங்கிவிடும். அந்தப் பையன் படுத்தபோது வண்டி மூன்று நாள் நின்றது. அந்த நஷ்டத்தில் இது எத்தனை டிரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கிரீஸ் அடிக்க நேரம் ஒதுக்குகிற மாதிரி, ராத்திரி வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் குளிக்க ஒதுக்குங்கள். கரும்பு, வாழை, காய்கறி ஏற்றிப் போகும் லாரிக்காரர்களுக்கும் இதே முறைதான். டீசல் போடுகிற பங்க்கில் குடிதண்ணீரும் கழிப்பறையும் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கூச்சப்படாமல் கேளுங்கள். டிரம்மையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

டிரைவர் தம்பிகளே, தண்ணீர் கேட்பது பிச்சை கேட்பது அல்ல. ஊர் புதிது, ஆள் புதிது என்று தயங்கித்தான் ஒரு பையன் விரலை இழந்தான். அவன் இப்போது பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். வயலுக்கு வருவதில்லை. போன பொங்கலுக்குப் போனில் பேசினான். "சார், இங்க பின்னாலயே குழாய் இருக்கு. தெனமும் ரெண்டு வேளை குளிக்கிறேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த சம்பாவுக்கு வண்டிக்குச் சொல்லும்போது, பெல்ட் வண்டியா, டயர் வண்டியா, மணிக்கு எவ்வளவு என்று கேட்கிறீர்கள் அல்லவா? கூடவே எத்தனை ஆள் வருகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் மோட்டார் கொட்டகைப் பூட்டைத் திறந்து வையுங்கள்.